"தலைய எடுத்தாச்சி சார்"

செல்வராஜ் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மனைவி புஷ்பம் அக்கா தொலைபேசியில் சொன்னபோது, நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். காலையில் நெஞ்சுவலி என்றாராம். ஓட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா அழவில்லை. "அவரப் பத்தி நீங்கதான் எழுதணும் தங்கச்சி. நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்றார். நல்லவர், பொறுமைசாலி, எல்லோருக்கும் உதவியவர் என்று எழுதி முடித்துவிடலாம். எல்லாமே உண்மைதான். ஆனால் அத்தோடு நிறுத்தினால் சிலருக்கு நிம்மதியாக இருக்கும். அவர்களுக்கு நிம்மதி கொடுக்க எனக்கு மனமில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் கடையும் தெரிந்திருக்கும். கொழும்பின் காலி வீதியில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில், போரின் கடைசி ஆண்டுகளில் நானும் அவரும் சேர்ந்து மடிக்கணினி திருத்தினோம். வருகிறவர்களோடு கதைப்பது என் வேலை, மேசை அவருடையது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். தாய் தகப்பன் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் அவர் பேச்சு மலைநாட்டுப் பேச்சாகவே இருந்தது. என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுச் சிரிப்பார். நான் அவருடையதைக் கேட்டுச் சிரிப்பேன்.

மடிக்கணினி திருத்துவதில் பாதி வேலை கழற்றுவதுதான். திருகாணியின் தலையில் உள்ள சிலுவைக் கோடு தேய்ந்துவிட்டால் திருப்புளி வழுக்கும். அதை நாங்கள் மொட்டை என்போம். வீட்டிலே யாராவது பொருந்தாத திருப்புளியாலோ கறிக்கத்தி முனையாலோ முயன்று பார்த்து மொட்டையாக்கிய பிறகுதான் எங்களிடம் கொண்டுவருவார்கள். கேட்டால் தொடவே இல்லை என்பார்கள். செல்வராஜ் அண்ணன் அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ரப்பர் பட்டியில் ஒரு துண்டை வெட்டி மொட்டைத் தலையின் மேல் வைத்து, முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தி, மெதுவாகத் திருப்புவார். அசையாவிட்டால் ஈயம் பற்றவைக்கும் கோலால் சூடு காட்டி, உள்ளே இருக்கும் பசையை இளக்குவார். நான் பொறுமையிழந்து திட்டினால், "ஸ்குரூ மேல எதுக்குத் தங்கச்சி கோவப்படுறீங்க? அத மொட்டையாக்குனவன் இங்க இல்லையே" என்பார்.

ஒன்றுக்கும் மசியாவிட்டால் கடைசி வழி, சின்னத் துளைகருவியால் தலையை மட்டும் குடைந்து எடுத்துவிடுவது. பிறகு மேல்தகட்டைத் தூக்கி, உள்ளே நிற்கும் தண்டைக் குறட்டால் பிடித்துத் திருகி எடுக்கலாம். கடையில் இதைத் தலையை எடுப்பது, உடம்பை இழுப்பது என்றுதான் சொல்வோம். தலையை எடுத்தாச்சா என்று நான் முன்னறையிலிருந்து கேட்பதும், உடம்பு வருதில்ல என்று அவர் உள்ளேயிருந்து சொல்வதும் எங்களுக்கு வேடிக்கையாகக்கூடப் பட்டதில்லை. அந்த ஊரில், அந்தக் காலத்தில், அது எப்படிக் காதில் விழும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு பெரிய மனிதர் தன் கணினியைக் கொண்டுவந்தார். கம்பனி ஒன்றில் உயர் பதவி. நம்மவர்களின் விழாக்களில் முன்வரிசைக் கதிரை. பெயர் எழுதமாட்டேன், உங்களில் பலருக்கு எழுதாமலே தெரியும். பாட்டரி, டிஸ்க், சீடி போடும் பகுதி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருவி மாற்றக்கூடிய வகைக் கணினி அது. டிஸ்க்கைப் பிடித்திருந்த ஒற்றைத் திருகாணியை அவரே மொட்டையாக்கியிருந்தார். கம்பனி விஷயமெல்லாம் உள்ளே இருக்கிறது, வெளியில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று மணிக்கொருதரம் போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அண்ணன் தலையைக் குடைந்து எடுத்துவிட்டு, தண்டை மறுநாளைக்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார். மனிதர் தவித்துக்கொண்டிருப்பாரே என்று பஸ்ஸிலிருந்து அவருக்குப் போன் எடுத்தார். "தலைய எடுத்தாச்சி சார். ஒடம்பு இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கு. காலையில இழுத்துப் போட்டுர்றேன். ஒரு அடையாளமும் தெரியாது, பயப்படாதீங்க." பக்கத்தில் இருந்தவருக்குக் கொஞ்சம் தமிழ் விளங்கும். அந்தக் கொஞ்சம் போதுமாயிருந்தது. அடுத்த செக் பொயின்டில் அவர் சொல்லிவிட, அண்ணனை இறக்கினார்கள். பையைத் திறந்தால் துளைகருவி, குறடு, வயர்த் துண்டுகள். அப்படியே பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணியை நான் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் பயந்துதான் இருப்பேன்.

மறுநாள் காலை கணினியையும் கடையிலிருந்த இன்னொரு குறட்டையும் தூக்கிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தலை எது, உடம்பு எது என்று விளக்கி, பொறுப்பதிகாரியின் மேசையிலேயே அந்தத் தண்டைத் திருகி எடுத்துக் காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போனில் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாத்தயா, அந்த ஐயா வந்து, தெரிந்த ஆள்தான், கணினியைப் பற்றித்தான் பேசினோம் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றார். சொன்னால் உடனே விடுவதாகவும், இல்லாவிட்டால் பின்னேரம் வேறு பிரிவுக்குக் கையளிக்க வேண்டிவரும், அதற்குப் பிறகு தன் கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

நேரே ஹெவ்லொக் டவுனுக்கு ஓடினேன். அந்தப் பெரிய மனிதர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"பிள்ளை, எனக்கும் குடும்பம் இருக்கு" என்றார். "பொலிஸிலயிருந்து போன் எடுத்தவை. ஆரோ பிழையான நம்பருக்கு அடிச்சிருக்கினம், எனக்கு அந்த ஆளைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். இனி மாத்திக் கதைக்க ஏலாது."

நான் கெஞ்சினேன். அவருடைய மனைவியைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். அந்த மனிதர் என் கையிலிருந்த பையைப் பார்த்து, டிஸ்க் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார்.

பின்னேரம் அண்ணனைக் கொண்டுபோனார்கள். தடுப்பு முகாமில் எத்தனையோ மாதங்கள். புஷ்பம் அக்கா சோற்றுப் பார்சலோடு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். வழக்கு ஒன்றும் போடாமலே ஒருநாள் விட்டார்கள். வந்தவரின் வலது கை விரல்கள் மடங்கவில்லை. மொட்டைத் திருகாணிக்கு வேண்டியது அழுத்தம். அது அந்தக் கையில் இல்லை. அவர் திருப்புளியை நேராகப் பிடித்துக்கொள்ள, நான் என் உள்ளங்கையால் மேலிருந்து அழுத்துவேன். அப்படித்தான் அதற்குப் பிறகு வேலை செய்தோம். போனில் அவர் தலை என்று சொல்வதை விட்டுவிட்டார். தொப்பி என்றார். "தொப்பியக் கழட்டியாச்சி சார்" என்பார். வாடிக்கையாளருக்கு விளங்காது. ஒவ்வொரு முறையும் விளங்கப்படுத்துவார்.

போர் முடிந்து சில வருடங்களில் அந்தப் பெரிய மனிதர் இன்னொரு கணினியோடு படியேறி வந்தார். நான் வாசலிலேயே மறித்தேன். அண்ணன் உள்ளேயிருந்து வந்து, "வாங்க சார்" என்று அதை வாங்கி வைத்தார். அவர் போன பிறகு நான் போட்ட சத்தம் கீழே பார்மசி வரைக்கும் கேட்டிருக்கும். "அவரு வந்திருந்தா ரெண்டு பேருமாத்தான் உள்ளுக்கு இருந்திருப்போம் தங்கச்சி. பயம் எல்லாருக்கும் ஒன்னுதானே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அதிகாரி சிரித்ததை நேரில் பார்த்தவள் நான். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அண்ணன் அந்தக் கணினியைத் திருத்திக் கொடுத்தார். நான் அதைத் தொடவில்லை.

கொட்டாஞ்சேனையில் செத்தவீட்டுக்கும் அவர் வந்தார். பெரிய மலர்வளையம், வெள்ளை உடுப்பு. அஞ்சலி உரைக்கு ஆட்களை நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார். "செல்வராஜை எனக்கு நல்லாத் தெரியும், பிள்ளை. நானும் ரெண்டு வார்த்தை கதைக்கட்டோ?"

"தெரியும் எண்டுறதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாம்" என்றேன். "இண்டைக்கு அவருக்கு அது தேவையில்லை."

அவர் கதிரைகளின் பக்கம் போனார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். செய்தது சரியில்லை, செத்தவீட்டில் அப்படிக் கதைக்கக்கூடாது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அண்ணன் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும்.

அவருடைய பொறுமை எனக்கு வாய்க்கவில்லை, அவருடைய கை வேலையும் எனக்கு வராது. அவர் பக்கத்திலிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். அந்த மனிதர்மேல் அவர் பட்டிருக்க வேண்டிய கோபம். அவர் அதைப் படாமலே போய்விட்டார். நான் உயிரோடு இருக்கும்வரை அது என்னிடம் இருக்கும்.