கனவை ஒப்படைக்கும் ஊர்

கம்பெனி பஸ் ஓசூர் ரோட்டில் ஏறியதும் பாஞ்சாலி சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து அந்த நாவலை எடுப்பாள். கதையைப் படிக்க அல்ல. பக்க ஓரங்களில் மகளும் அவள் தோழிகளும் பென்சிலால் எழுதிவைத்த அபிப்பிராயங்களைப் படிக்க.

நாவல் கன்னடம். அதில் ஒரு நகரம். பதினாறு வயதானால் அவரவர் கனவை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும், பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். மகளையும் சேர்த்து ஜோகுபாளையத்துத் தோழிகள் ஐந்து பேருக்கு ஒரே பிரதி. தமிழ் பேச்சோடு சரி, எழுத வராது என்பதால் தமிழையே கன்னட எழுத்தில் கிறுக்கியிருக்கிறார்கள். பாஞ்சாலி படித்ததும் கன்னடப் பள்ளிதான். அவளிடம் பருப்பு வேகுமா? "ஹீரோ சுத்த வேஸ்ட்டு, சும்மா ஓடிட்டே இருக்கான்" என்று அவர்களில் லாவண்யா எழுதியதற்கு ரெண்டு நாள் சிரித்தாள்.

பொம்மசந்திராவில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. நாளெல்லாம் வெள்ளை மாத்திரைகளையே பார்த்த கண்ணுக்கு, ஜன்னலுக்கு வெளியே பனியில் அந்த நகரம் நிஜமாகவே தெரியும். மேம்பாலத்தடியில் ஜனங்கள் வரிசையில் நின்று, பொட்டலம் கட்டிய கனவுகளை நீட்டிக்கொண்டிருப்பார்கள். கண் சொக்கும். சொக்கினாலும் அந்த வரிசையில் மகள் அனுஷாவைத்தான் தேடுவாள்.

அனுஷா பேசி இருபது நாளாகிறது. படம் வரையும் படிப்புக்குப் போகிறேன் என்றவளை, அது சோறு போடாது என்று காமர்ஸில் சேர்த்துவிட்டாள் பாஞ்சாலி. படிப்பை மாற்றிக்கொள்ள இன்றுதான் கடைசி நாள். தெரிந்தேதான் பஸ் ஏறினாள், பிடிவாதக்காரி.

இன்று, கதையில் அம்மா கையெழுத்துப் போடும் பக்கம் வந்தது. நான்கு தோழிகளும் அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். அடியில் அனுஷாவின் சாய்ந்த எழுத்து: "அந்த அம்மா கெட்டவ இல்ல. பயந்தவ. எங்கம்மா மாதிரி."

பாஞ்சாலி அந்த வரியை மறுபடி படித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், பாவி மகள் திட்டவில்லையே!

கம்பெனி வாசலில் மற்ற எல்லோரும் இறங்கினார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்த பெண்கள் ஊருக்குத் திரும்ப ஏறத் தொடங்கினார்கள். சூப்பர்வைசர் ரகுராம் கீழே நின்று கூப்பிட்டார்.

"என்னம்மா பாஞ்சாலி, இறங்கலையா?"

"இன்னிக்கி லீவு போட்டுக்குங்க சார். பொண்ணுகூட காலேஜுக்குப் போணும்."

சொல்லிவிட்டு ஜன்னலோரம் நகர்ந்து, ஏறி வந்த பெண்ணுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.