என் தங்கையின் ஞாயிற்றுக்கிழமை யாப்பு வகுப்பு

நினைவு மலரில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்றார்கள் உறவினர்கள். அரை நூற்றாண்டு 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவனுக்கு அது வரவில்லை. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தங்கை கம்பைநல்லூரில் பிறந்தாள். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மா களையெடுக்கப் போய் எங்களைப் படிக்க வைத்தார். தங்கை தமிழாசிரியையாகி, பாலக்கோட்டில் வாழ்க்கைப்பட்டாள். பள்ளி வேலை போக, ஞாயிறு மதியம் என் தக்காளி மண்டியில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வெண்பா எழுதக் கற்றுக்கொடுத்தாள். ஓய்வுபெற்ற கண்டக்டர், நர்சம்மா, மண்டிக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயிகள், நான் என்று ஒன்பது பேர்.

பிள்ளைகள் "புரியல டீச்சர்" என்று சொல்லிவிடும். எங்களைக் கேட்டால் எல்லோரும் "புரியுதுங்க" என்போம். பாதி பொய். அதனால் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். எதிரில் இருப்பதை அசை பிரிக்கச் சொல்வாள். தக்-கா-ளி, மூன்றும் நேரசை, யாப்பில் இதன் பெயர் தேமாங்காய் என்றதும் மண்டியே சிரித்தது. அதற்குப் பிறகு தேமாங்காய் யாருக்கும் மறக்கவில்லை.

ஒருநாள் நான் எழுதிய அடியைப் பலகையில் போட்டுப் பிழை காட்டினாள். அதுவும் எனக்குச் சரக்குப் போடுகிறவர்கள் முன்னால். சுருக்கென்றது. மூன்று ஞாயிறு என் மண்டிக்கே நான் போகவில்லை. வீட்டுக்கு வந்து, "வயசுல பெரியவங்க தப்ப அப்படிக் காட்டுனது என் தப்புங்கண்ணா" என்றாள். அதன்பின் வாரம் ஒரு பிழையான வெண்பாவை அவளே எழுதிவந்து எங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். டீச்சரின் தப்பைப் பிடிக்க எங்களுக்குள் போட்டி. ஒரு சீரை அடுத்த சீரோடு கட்டும் தளை எங்களுக்குப் பிடிபட்டது அப்படித்தான்.

நானும் திரும்பிப் போனேன். ஆனால் சொந்தமாக எழுதி எதையும் காட்டவில்லை. வீம்பு. நோய் முற்றிப் படுத்திருந்தபோதும், "ஒரே ஒரு வெண்பா காட்டுங்கண்ணா" என்று கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இம்மலரின் முதல் பக்கத்துக்கு ஒரு வெண்பா எழுதி, வகுப்பு நண்பர்களை வரச்சொல்லி, நானே பலகையில் போட்டேன். மூன்றாம் அடியில் 'தங்கை வருவாள்' என்றிருந்தது. எல்லோரும் அசை பிரித்துப் பார்த்தார்கள். கடைசியில் நர்சம்மாதான் எழுந்தார்.

"தளை சரியா இருக்குங்க. பொருள்தான் தப்புங்க."

'மறைந்தாள்' என்று திருத்தினேன். 'வருவாள்' போல அதுவும் புளிமாச்சீர்தான், ஓசை கெடவில்லை.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. எனக்கு எழுதக் கை வராத அந்தச் சொல்லை எழுத வைத்த நர்சம்மாவுக்கு என் நன்றி தனி.