பெட்ரோல் பீப்பாய்க்குப் பக்கத்தில் தீப்பெட்டிக் குவியல்

ஞாயிற்றுக்கிழமை விமானக் காட்சி பார்க்க வந்த பாதி ஊரைக் கொளுத்தப் பார்த்தவர் வரவேற்புக் குழுத் தலைவர்தான். வேறு யாரும் இல்லை.

சண்டைக்காலத்தில் போட்ட பழைய ஓடுதளத்தில் மூன்று குட்டி விமானங்கள் வந்து இறங்கின. குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு ஆளுக்கொரு சுற்று. என் மனைவி சொர்ணத்துக்கும் விழுந்திருந்தது. ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

இனிமேல் இப்படி எங்காவது போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீர் கொண்டு போங்கள் - அங்கே கிடைக்காது. குடை வேண்டாம். விமானத்தின் காற்றாடி சுற்றினால் குடை அடுத்த ஊர் இடைசெவல் போய்ச் சேரும். பின்னால் நிற்காதீர்கள். நான் நின்றேன்... கரிசல் புழுதி இன்னும் மூக்கில் இருக்கிறது. வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள். இதற்குமேல் அதை விளக்க மாட்டேன்.

முக்கியமாக, தீப்பெட்டி கொண்டு போகாதீர்கள். தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்துத் தீப்பெட்டி செய்கிற கோவில்பட்டியில் நடக்கிற காரியமா? பீடி குடிக்காதவன் சட்டைப்பையிலும் இரண்டு பெட்டி இருக்கும். தலைவர் வாசலிலேயே எல்லாவற்றையும் பிடுங்கினார். நல்ல யோசனைதான். பிடுங்கியதை எங்கே கொட்டினார்? நிழல் இருந்த ஒரே கொட்டகையில் - பெட்ரோல் பீப்பாய்களுக்குப் பக்கத்தில்!

முதல் சில சுற்றுகள் முடிந்து பெட்ரோல் எடுக்க வந்த மெட்ராஸ் விமானி குவியலைப் பார்த்தார். வந்த வேகத்தில் திரும்பி ஓடினார். அதை அகற்றும்வரை எதுவும் கிளம்பாது என்றார்.

அகற்ற வேண்டியதுதானே? ஜனம் விடவில்லை. அவரவர் பெட்டி அவரவருக்கே வேண்டுமாம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் லேபிளைப் பார்த்துப் பார்த்துச் சண்டை போட்டார்கள். ஒருவழியாகக் குவியலைத் தூரத்தில் வெட்டவெளியில் வாரிக் கொட்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது. சொர்ணத்தின் முகமும்தான்.

இனி ஒரே சுற்று, ஒரே ஆள், பிறகு இருட்டிவிடும் என்றார் விமானி. குலுக்கல் வரிசையில் அடுத்த பெயர் சொர்ணம். உடனே தலைவர் கழுத்து மாலையோடு முன்னால் வந்தார். தலைவர் என்கிற முறையில் அது தனக்குத்தானாம்.

சொர்ணம் குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, குலுக்கல்ல விழுந்தது எம் பேருல்லா. நீங்க போயி ஒங்க தீப்பெட்டியப் பொறுக்குங்க."

விமானி சிரித்துவிட்டார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

இறங்கியதும், மேலேயிருந்து என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

"நம்ம வீடு தெரியல. அண்ணாச்சி மட்டும் நல்லாத் தெரிஞ்சாவ. குனிஞ்சு பொறுக்கிக்கிட்டு இருந்தாவ."

தலைவரே, பெட்ரோலுக்குப் பக்கத்தில் தீப்பெட்டியைக் கொட்டச் சொன்ன மூளை யாருடையது? இதே பத்திரிகையில் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.

அப்படியே... வாசலில் பிடுங்கிய என் கிளிப்படத் தீப்பெட்டி எங்கே என்பதையும்.