சுவர் தாண்டி வந்த கரண்ட்

சதுரங்கப்பட்டினத்தில் நாங்கள் வாங்கிய மனை, ஊரும் காலனியும் ஒட்டுகிற இடத்தில் இருந்தது. எங்களுடையது செய்யூர்ப் பக்கம் விவசாயம் பார்த்த குடும்பம். அங்கே மனை வாங்கியதில் அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் காலனியின் முதல் வீடு. அதில் இருந்த அக்கா, கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்பவர். தெருவே அவரிடம் வாங்கும். நாங்கள் மட்டும் வாங்க மாட்டோம்.

வீடு கட்டுவதற்கென்று தனியாகத் தற்காலிக மின் இணைப்பு வாங்க வேண்டும் என்பது விதி. எனக்கு அது தெரியாதா? செங்கல்பட்டில் சர்க்கார் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ஊராருக்கு விதி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனாலும் இன்றைக்கு எழுதிப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கம்பி வெட்ட வந்தவர்கள் மெஷினோடு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அந்த அக்காதான், "எங்க வூட்லேர்ந்து இழுத்துக்கோ தம்பி, அதுக்கு இன்னா இப்போ?" என்றார்.

எங்கள் பக்கம் பாதி வீடுகள் எழும்புவது பக்கத்து வீட்டுக் கரண்டில்தான். அவர் வீட்டு ஸ்விட்ச் போர்டிலிருந்து கிளம்பிய ஒயர், சுவர் தாண்டி, முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு எங்கள் மனைக்கு வந்தது. எர்த்தும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எங்கள் மெஷின் ஓடினால் அவர் கிரைண்டர் முக்கும். அதனால் எங்கள் ஆட்கள் வேலை முடித்துப் போகும்வரை அவர் மாவு அரைக்காமல் காத்திருப்பார். கரண்ட் பில்லை நாங்கள் கட்டினோம். அதோடு நியாயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

முதல் நாளே எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்தார். அம்மா, இந்தக் காலத்தில் நோய் நொடி எப்படி வருகிறதென்றே தெரியவில்லை, பேப்பர் கப்பில் கொடுத்தால் நல்லது என்றாள். நோயாவது நொடியாவது! டீக்கடையில் ஊரே வாய்வைத்த கிளாஸில் குடித்து வளர்ந்தவன் நான். அக்காவுக்கு மட்டும் புரியாமல் இருக்குமா? முகம் ஒரு கணம் வாடியது, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எங்களுக்குப் பேப்பர் கப்பில் டீ வந்தது. அதற்கென்றே கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தார். அம்மா அதையும் மரத்தடியில் ஊற்றிவிடுவாள். நான் குடித்துவிடுவேன். அதையே பெரிய முற்போக்கு என்று எண்ணிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், வேறு வேலையாக அந்தத் தெருவுக்கு வந்த மின்சார ஆபீஸ் இன்ஜினியர் ஒயரைப் பார்த்துவிட்டார். அக்காவைக் கூப்பிட்டார். வீட்டு இணைப்பிலிருந்து இன்னொரு மனைக்கு, அதுவும் கட்டட வேலைக்குக் கொடுப்பது குற்றம், உங்கள் இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும் என்றார். நானும் அம்மாவும் மனையில்தான் நின்றிருந்தோம். அந்த வீட்டில் சோறும் இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கிரைண்டரில்தான் ஓடின. தப்பு என்னுடையது, போகப்போவது அவர் பிழைப்பு.

"வேத்தாளு இல்ல சார். என் தம்பி வூடு. ஒரே குடும்பம்தான்," என்றார் அக்கா.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா செங்கல் அடுக்கைப் பார்த்தாள்.

"ஆமா சார், அக்காதான்," என்றேன். தினமும் கூப்பிடுகிற சொல்தான். அன்றைக்கு அம்மா பக்கம் திரும்பாமல் சொன்னேன்.

குடும்பம் என்றதும் அவர் கொஞ்சம் இளகினார். குடும்பமானாலும் தப்பு தப்புதான் என்று முனகிக்கொண்டே அக்கா வீட்டு வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா அவசரமாக உள்ளே போய் டீ போட்டு வந்தார். தட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் ஒரு பேப்பர் கப்பும் இருந்தன. டம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டு, கப்பை என்னிடம் நீட்டினார். பழக்கம்.

இன்ஜினியர் தன் டம்ளரைப் பார்த்தார், என் கப்பைப் பார்த்தார்.

"தம்பிக்கு மட்டும் பேப்பர் கப்பாம்மா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அக்கா சொன்ன பொய்யை எங்கள் வீட்டுப் பழக்கமே காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனால் அவர் கண்ணிமைக்கவில்லை.

"தம்பிக்கு சளி புடிச்சுகினு கீது சார்."

சித்திரை வெயிலில் சளி! இன்ஜினியர் நம்பவில்லை. டீயைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, டம்ளரை அக்கா கையிலேயே கொடுத்தார். ஒயரை உடனே கழற்ற வேண்டும், வீடு கட்டுகிறவர் தன் பேரில் தற்காலிக இணைப்பு வாங்கிக்கொள்ளட்டும், உங்கள் லைனில் கை வைக்கவில்லை என்று அவரிடம் மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒயரை நான்தான் கழற்றினேன். முருங்கைக் கிளையில் இறுகி, மேலுறை கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. இத்தனை நாளும் யாரையும் அடிக்காமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம். அதைச் சுருட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். காதில் வாங்கவில்லை.

"எனக்கும் டம்ளர்ல ஒரு டீ குடுங்கக்கா," என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை, ஏதோ வரம் கொடுக்க வந்தவன் மாதிரிச் சொன்னேன்.

அக்கா கிரைண்டரில் ஊறவைத்த அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமெல்லாம் இல்லை.

"சார்தான் போய்ட்டாரே தம்பி. இனிமே எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.