உபதேசியார் மறைத்த காட்சி

அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் படம் பார்க்கத் தோன்றும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை ஒட்டியிருந்த எங்கள் மாதா கோயிலில், தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூட ஹாலில் படம் போடுவார்கள். கொளுத்துகிற வெயிலில் ஹாலை இருட்டாக்க வேண்டுமே, அதற்காக "ஊட்டுக்கு ஒரு கம்பளி" என்று சொல்லி அனுப்புவார்கள். பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்திய கம்பளிகளையெல்லாம் பெண்கள் சுமந்துவந்து ஜன்னல் ஜன்னலாக மாட்டுவார்கள். கதவைச் சாத்தினால் உள்ளே புழுக்கமும் அந்த வாசமும் சேர்ந்து தலையைச் சுற்றும், ஆனாலும் ஒருத்தரும் எழுந்து போகமாட்டோம்.

ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், நடுவில் புரொஜெக்டர். அதை ஓட்டுகிறவர் உபதேசியார், அதாவது எங்களுக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர், ஃபாதருக்கு அடுத்தபடி நாங்கள் பயந்த மனிதர். அவர் கையில் எப்போதும் ஒரு பழைய காலண்டர் அட்டை இருக்கும். படத்தில் "கூடாத" இடம் வந்தால் அந்த அட்டையை லென்சுக்கு முன்னால் பிடித்துவிடுவார். திரை இருண்டுவிடும், சத்தம் மட்டும் ஓடும். கதாநாயகனும் கதாநாயகியும் நெருங்குகிற இடத்துக்குத்தான் அட்டை வரும் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், அட்டை மேலே போனதும் ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் பறக்கும். உபதேசியாரும் அந்த விசிலைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

என் அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர், அதில் பொய் இல்லை. ஷிஃப்ட் விட்டால் சாராயக்கடை வழியாகத்தான் வீடு, அதிலும் பொய் இல்லை. வந்ததும் சோற்றில் ஏதாவது குறை இருக்கும், தட்டு பறக்கும், பிறகு அம்மாவின் முடி அவர் கையில் இருக்கும். மறுநாள் அம்மா யார் கேட்டாலும் குழாயடியில் வழுக்கிவிட்டது என்பாள். ஒரு பெண் வருஷத்துக்கு எத்தனை தடவைதான் குழாயடியில் வழுக்குவாள்? ஒருத்தரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு விக்டோரியா அக்கா நல்ல மனுஷி. எங்கள் வீட்டில் சத்தம் ஆரம்பித்தால் தன் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அடுத்த வீட்டு மானம் தன் காதில் விழக்கூடாது என்கிற மரியாதை அது. "ஊட்டு விஷயம் வெளிய போச்சி, அப்பறம் நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். பதினோரு வயதில் நான் காத்துவந்த சொத்து அந்த ரகசியம் ஒன்றுதான்.

அந்த வருஷம் ஃபாதர் ஒரு குடிகாரனின் கதையைத் தருவித்தார். எங்கள் பங்குச் சனங்களிடையே குடி மிஞ்சிப்போயிருந்தது, பார்த்தாவது நாலு பேர் திருந்தட்டும் என்பது அவர் நினைப்பு. கோயில் பெரியவர்களுக்கு வேறு கவலை. "புள்ளைங்க மனசு கெட்டுப்பூடும்" என்றார்கள். குரூரமான இடங்களைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று பேசி முடித்து, எங்கெங்கே அட்டை வைப்பது என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

ஆக, நாங்கள் பார்த்த படம் இதுதான்: ஒரு மில் குமாஸ்தா நண்பர்களோடு ஜாலியாகக் குடிக்கிறான், கிளப்பில் பாட்டுப் பாடுகிறான், தள்ளாடித் தள்ளாடிக் கம்பத்தோடு சண்டை போடுகிறான். அதற்கெல்லாம் அட்டை வரவில்லை. ஹாலே உருண்டு சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் அவன் வீட்டுக்கு வருகிறான், கதவைத் தட்டுகிறான், பெண்டாட்டி கதவைத் திறக்கிறாள். அட்டை மேலே போனது.

திரை இருட்டு. பளாரென்று ஓர் அறை. தட்டு ஒன்று சிமெண்டுத் தரையில் உருண்டு உருண்டு நிற்கிற சத்தம். அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம், எந்த இடத்தில் வேகம் குறையும், எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் பறந்தது. அவர்கள் வழக்கம்போல எதையோ நினைத்துக்கொண்டார்கள். எவனோ "ஒன்ஸ்மோர்" என்று கத்தினான், ஹால் சிரித்தது. என் பக்கத்தில் அம்மா குனிந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. என் அம்மா அடி வாங்குவதற்கு இவர்கள் விசில் அடிக்கிறார்கள் என்றுதான் என் மனதில் பட்டது. எழுந்தேன், நாலே எட்டில் புரொஜெக்டரிடம் போய் உபதேசியார் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டேன்.

திரையில் ஒரு பெண் உதடு கிழிந்து, தரையில் சிதறிய சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் நின்ற குழந்தைக்கு வேறு சோறு இல்லை. விசில் அப்படியே நின்றுபோனது. உபதேசியார் என் காதைத் திருகினார், ஆனால் அவரும் திரையைப் பார்த்துக்கொண்டேதான் திருகினார். கதவருகே நின்றிருந்த அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார், அந்த வெயில் வெளிச்சத்தில் திரை ஒரு நிமிஷம் வெளிறிப்போய்த் திரும்பவும் தெளிந்தது.

படம் முடிந்ததும் உபதேசியார் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் அம்மாவை நிறுத்தி, பெண் பிள்ளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது, பார்க்கக் கூடாததைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துவிட்டன என்றார். அம்மா கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அவ புதுசா இன்னாத்தப் பாத்துட்டா உபதேசியாரே? எங்க ஊட்ல தெனம் இதானே நடக்குது. அதுக்கு இன்னா வச்சி மறைப்பீங்க?"

உயிரே போய்விடும் என்றாளே, போகவில்லை. விக்டோரியா அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா திருந்தினார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். திருந்தவில்லை. மூன்றாம் நாளே குடித்துவிட்டு வந்தார், தட்டு பறந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தது. அது பட்டென்று நின்றது. விக்டோரியா அக்கா ஈரக்கையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள், அவள் பின்னால் எதிர் வரிசைப் பெண்கள் இரண்டு பேர். அப்பா திரும்பிப் பார்த்தார். "நீ பேசு அண்ணாத்தே, நாங்க சும்மா நின்னுகினு கீறோம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் குரல் உயர்ந்த நாளெல்லாம் வாசலில் ஆள் நின்றது, அம்மா குழாயடியில் வழுக்குவதும் நின்றது. தொண்ணூறுகளில் ஈரல் கெட்டு அவர் செத்தபோது நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், குடியையும் அடியையும் காட்டும் இருட்டுப் படங்களைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். குடிகாரனைத் திருத்தும் என்று எடுத்தால் ஏமாந்துபோவீர்கள், அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவான். பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பயந்தால் அதுவும் தப்பு. அன்றைக்கு எங்களில் யாரையாவது கெடுத்திருந்தால் அந்தக் கிளப் பாட்டுத்தான் கெடுத்திருக்கும், அதைத்தான் முழுசாகக் காட்டினார்கள். அந்தப் படம் வேலை செய்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்.

அந்த ஹால் இப்போது இல்லை, அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையும் இல்லை. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இங்கே அவரவர் போனில், காதில் மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் படம் பார்க்கிறோம், பக்கத்தில் இருக்கிறவர் எந்தக் காட்சியில் தலை குனிந்தார் என்று யாருக்கும் தெரிவதில்லை. போன மாதம் குடியிருப்புப் பெண்கள் கூட்டத்தில், கஞ்சாவில் சீரழிகிற ஒரு குடும்பத்தைப் பற்றிப் புதிதாக வந்த படத்தைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று பேச்சு வந்தது. திவ்யா என்கிற சின்ன வயதுப் பெண்தான் எல்லாரையும் விட ஆவேசமாகப் பேசினாள். நானும் விடவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பயமா, இல்லை பார்த்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயமா என்று கேட்டேன். வாக்குவாதமாகி, ஒரு முடிவும் எடுக்காமல் கூட்டம் கலைந்தது.

எல்லாரும் போன பிறகு திவ்யா நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சண்டைக்குத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

"என் பொண்ணு அந்தப் படத்தப் பாத்துட்டா ஆன்ட்டி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "பாதியில நிறுத்திட்டு, அப்பாவும் இப்படித்தானம்மான்னு கேட்டா. நான் இல்லன்னுட்டேன்."

எந்த வீடு என்று கேட்டேன். கையிலிருந்த நாற்காலியை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, பி பிளாக், மூன்றாவது மாடி, லிஃப்டுக்கு எதிர்ப்புறம் என்றாள்.