கொம்புத்தேன் லேபிள்

சக்கரவர்த்திக்கு என்னைவிட நன்றாக வரையத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் போடும் மயில் கோழி மாதிரி இருக்கும். விரல் வரைய வராது என்பதால் படத்தில் வரும் ஆட்களின் கையை எல்லாம் துண்டுக்குள் மறைத்துவிடுவான். எழுத்தும் சுமார்தான், பொடி எழுத்து என்றால் கை நடுங்கும். அப்படிப்பட்டவனைத்தான் திருப்பத்தூரில் எங்கள் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் தேடினார்கள். "அந்தக் கண்ணமங்கலத்துப் புள்ள இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே, எதிரில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். வயிறு எரியாதா?

கோபால்சாமி ஆர்ட்ஸ் ஒரே அறை. லேபிள், அரிசி மூட்டைச் சின்னம், சோப்பு உறை, சினிமாக் கொட்டகைக்கு ஸ்லைடு, எல்லாம் செய்வோம். முதலாளி கோபால்சாமி ஆர்டர் பிடிப்பார். முனிசாமி ஆகிய நான் ஆறு வருடமாக அங்கே ஆர்ட்டிஸ்ட். 1979இல் சக்கரவர்த்தி வந்து சேர்ந்தான். அதுவரை லாரிகளின் பின்பக்கம் பெயர் எழுதிக்கொண்டிருந்தவன். மெலிந்த உடம்பு, எண்ணெய் வழியும் தலை, யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வேலைக்கு ஒரு முறை இருந்தது. பார்ட்டி வந்து வேண்டியதைச் சொல்வார், முதலாளி ஆர்டர் நோட்டில் எழுதிக்கொள்வார். மாதிரிக்கென்று எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் பென்சிலில் ரஃப் போட்டுக் காட்டுவோம். மீசையைக் குறை, சாமியைப் பெரிதாக்கு என்று திருத்தம் வரும். ரஃப் சரி என்றான பிறகு வண்ணத்தில் முழுப்படம். அதைப் பார்த்துப் பார்ட்டி கையெழுத்துப் போட்டதும் மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படத்தை சிவகாசிக்கு அனுப்புவோம். கடைசியாக, கீழ் மூலையில் வரைந்தவன் பெயரைப் பொடி எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு பெயர். அந்த மூலைக்காகத்தான் நான் அந்தக் கடையில் கிடந்தேன்.

சக்கரவர்த்தியோ இரண்டு மூன்று நாளைக்குப் பென்சிலையே தொட மாட்டான். கேள்வி கேட்பான். கலசப்பாக்கத்து ரைஸ் மில்காரர் மூட்டைக்குச் சின்னம் கேட்டு வந்தபோது, தாமரையில் நிற்கும் லட்சுமியை நகை நகையாக வரைந்து வைத்திருந்தேன். அவன் அந்த மனிதரிடம், "மூட்டய கடையில எப்பிடிங்க அடுக்குவாங்க?" என்றான். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டு அடுக்குவார்கள், விளிம்புதான் வெளியே தெரியும். உடனே மில் பெயரை விளிம்பில் பட்டையாக எழுதிக் காட்டினான். ஒரு சிறுவன்கூட எழுதிவிடுவான் அதை. மில்காரர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என் லட்சுமி சுருட்டி மூலையில் வைக்கப்பட்டாள்.

1982இல் ஜவ்வாது மலையிலிருந்து தேன் சங்கத்து ரங்கசாமி வந்தார். மலைக்காரர்கள் சேர்ந்து எடுக்கும் தேன் முதல்முறையாக மெட்ராஸ் கடைகளுக்குப் போகிறது, பாட்டிலுக்கு லேபிள் வேண்டும். மெட்ராஸ் என்று காதில் விழுந்ததுமே என் பெயர் எனக்குக் கண்ணில் தெரிந்துவிட்டது. முதலாளி என்னடாவென்றால், "நீயும் சக்கரவர்த்தியும் ஆளுக்கொரு ரஃப் போடுங்க. மலைக்காரங்க எத எடுக்கறாங்களோ அவன் பேரு மூலையில" என்று சொல்லிவிட்டார்.

ரங்கசாமி மந்தாரை இலையில் மடித்து ஒரு பொருளை என்னிடம் கொடுத்தார். பிரித்தால், முள்குச்சி ஒன்று. அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தேன்கூடு.

"இதாங்க கொம்புத்தேன் கூடு. இதப் பாத்து வரைங்க. வேல முடிஞ்சா திருப்பிக் குடுத்துடுங்க, சங்கத்துல வச்சிருக்கறது."

சக்கரவர்த்தி அன்றைக்கு அச்சு பிளாக் வாங்க வேலூர் போயிருந்தான். அவர் போனதும் குச்சியை இலையோடு என் மேசை டிராயரில் போட்டு மூடினேன். நான் அதைப் பார்த்து வரைவதற்காக இல்லை. இத்துனூண்டு கூட்டைப் பார்த்து மெட்ராஸில் எவன் தேன் வாங்குவான்? அவன் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் அவன் ஆர்டர் நோட்டைப் புரட்டிவிட்டு என்னிடம் வந்தான்.

"மாதிரி ஒண்ணும் குடுக்கலியாணா?"

"பாட்டில் குடுத்தாரு. அதோ இருக்குது."

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். அடுத்த நாள் காலையில் மலைக்குப் போகும் புதூர்நாட்டு பஸ் ஏறிவிட்டான். போகட்டும் என்று நான் நிம்மதியாக வரைந்தேன். வானம் முட்டும் பாறை, அதில் கதவு அகலத்துக்குத் தொங்கும் தேனடைகள், கயிற்றில் இறங்கும் ஒருவன், பின்னால் அருவி. என் வாழ்நாளில் அப்படி ஒரு பாறையை நான் போட்டதில்லை.

ரஃப்களோடு மூன்று பேரும் மலைக்குப் போனோம். அங்கே பார்ட்டி என்றால் ஓர் ஆள் இல்லை, ஊரே பார்ட்டி. கூட்டம் போட்டு ஒவ்வொருவரும் சரி என்று வாயால் சொல்ல வேண்டும். ஒருத்தர் தலையாட்டாவிட்டாலும் வேலை நகராது. சங்கத்துக் கொட்டகையில் சாமை மூட்டைகள்மேல் இரண்டு படத்தையும் சாய்த்து வைத்தார்கள். எல்லாரும் என் படத்தின் முன்தான் குவிந்தார்கள். "எம்மாம் பெரிய பாற" என்று ஒருவர் தொட்டே பார்த்தார். நான் சக்கரவர்த்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் என் படத்தைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது தேன் எடுக்கும் அர்ச்சுனன் முன்னால் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் கீது. ஆனா இது பாறத்தேனு. நாங்க பாட்டில்ல ஊத்தறது கொம்புத்தேனு. அது வேற ஈ, வேற ருசி. பாறையப் போட்டு கொம்புத்தேனு குடுத்தா வாங்கறவன் எங்கள இன்னா சொல்லுவான்? பொய்யனுங்கன்னு சொல்லுவான். எனக்கு இது வாணாம்."

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. அதில் இருந்தது இலைகளோடு ஒரு முள்செடிக் கிளை, அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கூடு. வேறு எதுவும் இல்லை. அர்ச்சுனன் குனிந்து இலையைப் பார்த்தார்.

"நம்ம காரச்செடி" என்றார். சரி என்றார்.

பாட்டிலில் தேன் ஊற்றும் கெங்கம்மாள், "எங்க கை படற எடத்துல ஒட்டாத, மேல தள்ளி வைன்னு இந்தப் புள்ளகிட்ட சொன்னேன். வச்சிக்கீது" என்று, அவன் பாட்டிலில் குறித்து வைத்திருந்த லேபிள் ஒட்டும் இடத்தைக் காட்டினாள். அவளும் சரி என்றாள். ஒவ்வொரு சரியும் என்மேல் ஒரு கல்லாக விழுந்தது. இரண்டு நாள் அர்ச்சுனன் பின்னாலேயே புதர் புதராகச் சுற்றிவிட்டு, கெங்கம்மாளிடம் உட்கார்ந்து கதை பேசிவிட்டு வந்திருக்கிறான் பாவி.

முழுப்படம் முடிந்த அன்று கையெழுத்துப் போட ரங்கசாமி கடைக்கு வந்தார். படத்தைப் பார்த்துச் சிரித்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு கேட்டார்.

"அந்தக் கூடு குடுத்தனே, அத எடுத்துக்கினு போவட்டுங்களா?"

"எந்தக் கூடுங்க?" என்றான் சக்கரவர்த்தி.

முதலாளி அலமாரியைப் பார்த்தார், மேசைக்கு அடியில் பார்த்தார். நானும் எழுந்து தேடுகிற மாதிரி நின்றேன். முதலாளியின் கண் சுவரில் நின்றது. சிற்றெறும்பு வரிசை ஒன்று ஜன்னலிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, என் மேசைக் காலில் ஏறி, டிராயர் இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாகப் போகிறதோ, படம் தோற்ற வெறுப்பில் நான் அந்த டிராயரைத் திறக்கவே இல்லை.

முதலாளி திறந்தார். உள்ளே மந்தாரை இலையில் அந்தக் கூடு. ரங்கசாமி எறும்பை ஊதித் தள்ளினார். சக்கரவர்த்தி குச்சியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

"இந்தக் குச்சியில எல இல்லியேணா. இது மேச மேல இருந்திருந்தா, இங்கயே ஒக்காந்து வெறுங்குச்சியத்தான் வரைஞ்சிருப்பேன்" என்றான். அவன் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை, நான் உற்றுத்தான் பார்த்தேன். நான் செய்த துரோகம்கூட அவனுக்கு வரவாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

ரங்கசாமி போனதும் படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"பேரு நீ எழுதுணா. எனக்குப் பொடி எழுத்து வராது."

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? மெல்லிய பிரஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடுகு கடுகாக அவன் பெயரை எழுதினேன். எனக்கு வர வேண்டிய இடத்தில் அவனை உட்காரவைக்கிறேன் என்று பொருமிக்கொண்டேதான் எழுதினேன். கைக்கு மட்டும் அது தெரியவில்லை, அது தன்பாட்டுக்கு அழகாக எழுதியது.

ஒரு மாதம் கழித்து சிவகாசி அச்சகத்திலிருந்து கடிதம் வந்தது. லேபிள் நன்றாக வந்திருக்கிறது, மூலையில் இருக்கும் எழுத்து அபாரம், அவ்வளவு பொடியாக அவ்வளவு சுத்தமாக எழுதும் கையை நாங்கள் பார்த்ததில்லை, திரு. சக்கரவர்த்திக்கு எங்கள் பாராட்டு. முதலாளி உரக்கப் படித்தார்.

அந்தக் கை என்னுடையது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"அது அண்ணா எழுதுனதுங்க" என்று அவன் முந்திக்கொண்டான்.