கோரைக்கு ஊற்றிய தண்ணீர்

களைக்குத் தண்ணீர் சுமக்கிற வீடு மைசூரிலேயே எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். வேளாண்மை படிக்கும் என் மகளின் ஆய்வுக்காக மொட்டை மாடி முழுக்க ராகித் தொட்டிகள். பாதியில் ராகி மட்டும். மீதியில் ராகியோடு கோரைப்புல், அதுவும் அவளே கிழங்கு தேடிக் கொண்டுவந்து நட்டது. போதாததற்கு மூங்கில் கட்டி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஒரு கூடாரம். தொட்டிகளில் பாதி அதற்குள். இனி வரப்போகும் வெயில் அதற்குள் இருக்கிற சூடு மாதிரிதான் இருக்குமாம். இப்போது அடிக்கிற வெயில் போதாதா என்று கேட்டேன். தாளின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள்.

கீழ்வீட்டுப் பெண் துணி காயப்போட வரும்போதெல்லாம் சிரிப்பாள். "ஏன்க்கா, கோரைக்கு இந்த கவனிப்பா? வீட்டு மாப்பிள்ளையா அது? நான் புடுங்கிப் போட்டுடவா?"

"கை வெச்சுப் பாரு, என் பொண்ணு உன்னப் புடுங்கிடுவா."

போன வாரம் உச்சி வெயிலில், காய்ந்த வடகத்தை எடுக்க மாடிக்குப் போனேன். கூடார வாசலில் அவள் செருப்பு. கூப்பிட்டேன், சத்தமில்லை. தாளை விலக்கினால், தொட்டிகளுக்கு நடுவே சரிந்து கிடக்கிறாள். உடம்பு கொதித்தது. வெளியே இழுத்துப் போட்டு, வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டினேன். கண்ணைத் திறந்தவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, அது எந்தத் தொட்டித் தண்ணி?"

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே கத்தியோடு மாடி ஏறினேன், கூடாரத்தைக் கிழிக்க.

"கதிர்ல பால் பிடிக்கிற நேரம்மா. இப்ப விட்டா எல்லாம் வேஸ்ட்."

"நீ வேஸ்ட் ஆனா?"

"பிடம்மா," என்றாள், விடும்மா என்று. கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். உள்ளே இருக்கும்வரை அவள் வாய் மூடக்கூடாது. பார்ப்பதையெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும். வெளியே குடையும் கத்தியுமாக நான். குரல் நின்றால் தாளை வெட்டுவேன்.

"ராகி மட்டும், இலை சுருண்டிருக்கு. ராகியும் கோரையும், ராகி கதிர் பதர். இதுவும் பதர். கோரை ஜம்முனு இருக்கு."

இருக்காதா? அந்த வெயிலிலும் தளதளவென்று நிற்கிறது, ராகி குடிக்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிட்டு. சுமந்தது நான்.

நேற்று குரல் நின்றது. ஒரு மூச்சுதான் பொறுத்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே கிழி. உள்ளே அவள் உட்கார்ந்து, ஒரு கதிரை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா நீ! பால் பிடிச்சிருக்கான்னு பாத்துட்டிருந்தேன்!"

"வாயத் திறந்துகிட்டுப் பாக்க முடியாதா?"

கிழிந்த தாளை நான்தான் டேப் போட்டு ஒட்டினேன். இன்று மறுபடி உள்ளே போயிருக்கிறாள். தொட்டிக்கொரு வசவு, எல்லாம் எனக்கு, எல்லாம் கன்னடத்தில். திட்டட்டும். குரல் வந்துகொண்டிருக்கிறது.